பேர் வாங்கிக் கொடுத்தது எந்த வேலை, தெரியுமா?

1998ஆம் ஆண்டில் உலகத்தின் அதிவேக மோட்டார் சைக்கிள் வீரர்கள் நம் ஜோகூர் மாசாய்க்குப் பக்கத்திலேயே வந்து மோதினார்கள், தெரியுமா? ஆமாம், பாசிர் கூடாங்கில்தான்! 1986இல் திறந்த ஜோகூர் பந்தயத் தடத்தில்தான் அந்த வருஷத்து மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நடந்தது. அதற்கு முன் ஷா ஆலாம், அடுத்த வருஷத்திலிருந்து சிப்பாங். நடுவில் அந்த ஒரே ஒரு வருஷம் நம்முடையது. இன்றைக்கு மாசாயில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, ஒரு வேலைக்கு வந்து இன்னொன்றில் பேர் வாங்கிய ஒருவரைப் பார்க்க ஜோகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் போவோம். 1947இல் பஞ்சாபிலிருந்து ஒரு வாலிபர் சிங்கப்பூர் வந்து இறங்கினார். வயது இருபதுகூட நிறையவில்லை. கிடைத்த வேலை டிரம் செய்யும் ஆலையில். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் 'கிரேட் வேர்ல்ட்' கேளிக்கைப் பூங்காவின் அரங்கத்தில் ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பழகினார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேசியச் சாம்பியன் பட்டம் வாங்கினார். யார் அவர்? தாரா சிங்! நம் தாத்தாக்கள் வாய் ஓயாமல் பேசிய அதே தாரா சிங்தான். அவர் மோதிய கிங் காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா. ஹங்கேரிக்காரரான அவரும் சிங்கப்பூரையே வீடாக்கிக்கொண்டு 1970இல் அங்கேயே கண்ணை மூடினார்.

தாரா சிங்கின் கதை மல்யுத்த மேடையோடு முடியவில்லை. 1962இல் ஒரு இந்திப் படத்தில் கதாநாயகன் ஆனார். படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'கிங் காங்'! தன்னோடு மோதியவரின் பெயரிலேயே தனக்கு ஒரு படம் அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு அறுபதை நெருங்கும் வயதில், 1987இல் தொடங்கிய 'ராமாயண்' தொடரில் அனுமாராக வந்து நின்றார். இந்தியா முழுக்க வீட்டுக்கு வீடு அவரைக் கும்பிட்டது. 2003இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விளையாட்டுத் துறையிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். ஆலைத் தொழிலாளி, மல்லர், நடிகர், நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே ஆயுசில் நான்கு வாழ்க்கை, முதல் படி சிங்கப்பூர் ஆலை வாசலில்! தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு ஆசை.

உலகம் முழுக்க இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கி வெள்ளி வாங்கிய ஹரோல்ட் சகாட்டா பிறகு தொழில்முறை மல்லர் ஆனார். 1964இல் ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்'இல் தொப்பியை வீசி ஆளைக் கொல்லும் வில்லனாக வந்தார். வெள்ளிப் பதக்கத்தை மறந்துவிட்டார்கள், தொப்பியை மறக்கவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தபோது தமிழ்நாடே புது நாயகன் ரவிச்சந்திரனைக் கொண்டாடியது. அவர் கோலாலம்பூரில் பிறந்தவர், இயற்பெயர் ராமன், படிப்பு திருச்சியில்! இயக்குநர் ஸ்ரீதர் கண்ணில் பட்டார், வாழ்க்கையே திசை மாறிவிட்டது.

மலேசியா வாசுதேவன் விஷயம் இதைவிட வியப்பு. மலேசியாவில் தமிழ் நாடக மேடையில் நடித்துவிட்டு, சினிமாவில் நடிக்கும் கனவோடு சென்னைக்குப் போனவர் அவர். பேர் வாங்கிக் கொடுத்ததோ குரல்! 1977இல் '16 வயதினிலே' படத்துக்குப் பாட வேண்டிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போக, அந்த வாய்ப்பு இவருக்கு வந்தது. அதன் பிறகு இளையராஜாவின் இசையில் எத்தனை பாடல்கள்! ஆனால் முதல் கனவு என்ன ஆனது? அதுவும் பலித்தது. 'ஒரு கைதியின் டைரி', 'முதல் வசந்தம்' படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வில்லன் முகம் மறக்குமா? நடிக்கப் போனவர் பாடி ஜெயித்து, அந்தப் பாட்டின் தோளேறி நடிப்புக்குத் திரும்பி வந்தார். எனக்குத் தெரிந்து மலேசியாவிலிருந்து போன யாருக்கும் இப்படி ஒரு சுற்றுப்பாதை வாய்த்ததில்லை.

பினாங்கு அண்ணன் தம்பி டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களின் 'அலிகேட்ஸ்' குழு ஹாங்காங் வரை போய் வாசித்துவிட்டு, மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப் போட்டது. இன்றைக்கும் எந்த இன வீட்டுக் கல்யாணத்திலும் அவர்கள் பாட்டு ஒலிக்கும். யோகி பி அதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தார். 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கில ராப் பாடிப் புகழ் பெற்ற பிறகு, 2006இல் 'நட்சத்திரா'வோடு சேர்ந்து 'வல்லவன்' இசைவட்டில் முழுக்கத் தமிழுக்குத் திரும்பினார். அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல். 2017இல் அஜித்தின் 'விவேகம்' படத்திலும்! கோலிவுட்டுக்கு ராப் கற்றுக் கொடுத்ததில் நம் பங்கு சின்னதில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

இசை என்றதும் நம் ஊரை விட்டுவிட முடியுமா? மாசாயில் திருவிழாக் காலத்தில் உறுமி மேளக்குழு வாசிக்கும்போது ஒருமுறை கிட்டப் போய் நின்று வாசிப்பவர் கைகளைக் கவனியுங்கள். ஒரு கையிலுள்ள குச்சி வளைந்திருக்கும். அது தோலை அடிப்பதில்லை, அழுத்தித் தேய்க்கிறது. அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றைக் கலக்கும் உறுமல் பிறக்கிறது. மறு கைக் குச்சி மறுபக்கத் தோலில் தாளம் போடுகிறது. இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய, தோளில் கனம் தொங்க, காவடிக்கு முன்னால் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். இவன் கலைஞனா விளையாட்டு வீரனா என்று நீங்களே சொல்லுங்கள்! வாரநாளில் தொழிற்சாலை ஷிப்ட், வாரக் கடைசியில் கல்யாண மண்டபம் என்று ஓடுகிற இந்தப் பையன்களை 'பொழுதுபோக்குக்கு அடிக்கிறான்' என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

படிப்பா விளையாட்டா என்று பிள்ளையைப் போட்டு நெருக்கும் அப்பா அம்மாவுக்கு மணி ஜெகதீசன் பெயர் தெரியுமா? கோலகங்சாரில் பிறந்து, பதினாறு வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர். மருத்துவம் படித்துக்கொண்டே 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் அள்ளினார். 'பறக்கும் டாக்டர்' என்று பட்டப் பெயர் வந்தது. 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை எத்தனை வருஷம் நின்றது தெரியுமா? 49 வருஷம்! 2017இல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தார். ஜெகதீசனோ அதற்குள் சுகாதாரத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். அதே 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கத்தைத் தட்டி வந்தவர் தாப்பா ஊர்ப் பெண் எம். ராஜமணி. இவர் பெயர் நம் தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டும்.

விளையாட்டு வீரர் தாமே திரைக்குப் போகாமல், திரை அவரைத் தேடி வந்த கதையும் உண்டு. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் கோலைக் காத்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது நம் கால்பந்து அணி. ஆனால் அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. 1988இல் சாலை விபத்து ஆறுமுகத்தைக் கொண்டு போய்விட்டது. 2016இல் சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா' படம் வந்தது. அதில் கோல் காவலர் முத்துவைப் பார்த்து அரங்கம் கைதட்டியபோது, அது ஆறுமுகத்துக்கான கைதட்டல் என்று மூத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திரையிலிருந்து திடலுக்குப் போனவர்? நம் அஜித்! மெக்கானிக் வேலை பழகியவர், நடிகரானார். 'பில்லா'வின் பெரும் பகுதியை மலேசியாவில் படமாக்கினார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஐம்பது தாண்டிய வயதில்!

எல்லாரிலும் என்னை அதிகம் அசர வைப்பவர் பூப்பந்து வீரர் பஞ்ச் குணாளன். 1971இல் இங் பூன் பீயுடன் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974இல் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதிச் சுற்றில் ரூடி ஹார்டோனோவோடு மோதல், அதே வருஷம் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். இது மட்டும் என்றால் பெரிய வீரர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆட்டம் முடித்து அவர் நிர்வாகத்துக்குப் போனார், உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் துணைத் தலைவர் ஆனார். அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி எடுக்கலாம். சர்வீஸ் கை மாறிக்கொண்டே இருக்கும், புள்ளி அசையவே அசையாது. ஆட்டம் அரை மணியில் முடியுமா ஒன்றரை மணியில் முடியுமா என்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்ல முடியாது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 21 எடுத்தால் ஒரு செட் என்ற முறையை 2006இல் கொண்டுவர முன்னின்று போராடியவர் இவர்தான். வீரர்கள் முணுமுணுத்தார்கள், பழைய ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் சம்மேளனத் தலைமையகமே இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 2012இல் குணாளன் மறைந்தார். லீ சோங் வெய்யும் லின் டானும் 2008, 2012 ஒலிம்பிக் இறுதிச் சுற்றுகளில் மோதி நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைத்தார்களே, அந்தப் புள்ளிகள் அத்தனையும் ஒரு மலேசியத் தமிழர் முன்னின்று கொண்டுவந்த கணக்கில் விழுந்தவை!