மைட்டர் சா வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, ஆசாரியையே கூப்பிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டு ரெனோவேஷன் செலவு பத்தி நம்ம சேனல்ல பேசினதுல இருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: "சார், ஸ்கர்ட்டிங், பீடிங் வேலையை நானே பண்ணிக்கலாம்னு இருக்கேன். மைட்டர் சா வாங்கினா லாபமா?" பதில் உங்க வேலையோட அளவைப் பொறுத்தது. அதனால முதல்ல அளவு, அப்புறம் பணம், அப்புறம் மெஷின்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது?

மரச்சட்டம், ஸ்கர்ட்டிங், கதவு ஆர்க்கிட்ரேவ், போட்டோ ஃபிரேம் மாதிரி நீளமான துண்டுகளைக் குறுக்கே, சொன்ன கோணத்துல துல்லியமா வெட்டத்தான் மைட்டர் சா. 8க்கு 4 பிளைவுட் ஷீட்டை இதுல வெட்ட முடியாது. வார்ட்ரோப், மாடுலர் கிச்சன் செய்யணும்னு இதை வாங்கினா பணம் வீண்.

பணக் கணக்கு

கீழே இருப்பது உதாரண எண்கள். உங்க ஊர் ரேட்டை விசாரிச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

ஒரு 2 பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 200 ரன்னிங் அடி ஸ்கர்ட்டிங். ஆசாரி கூலி அடிக்கு 40 ரூபாய்னா 8,000 ரூபாய். பொருள் செலவு யார் செஞ்சாலும் ஒண்ணுதான், அதை விட்டுடலாம்.

- வாங்கினால்: மெஷின் 20,000 + நல்ல பிளேடு 2,500 + கண்ணாடி, மாஸ்க், காது மூடி 1,500 = 24,000.
- வாடகைக்கு எடுத்தால்: நாளுக்கு 700 வீதம் 3 நாள் 2,100 + அதே பிளேடு, பாதுகாப்புப் பொருட்கள் 4,000 = 6,100.

24,000ஐ 40ஆல் வகுத்தா 600 அடி. அவ்வளவு வேலை இருந்தாத்தான் போட்ட காசு திரும்பும். வேலை முடிஞ்சதும் மெஷினை 10,000 ரூபாய்க்கு வித்தாலும் 350 அடி வேணும். வாடகையில மிச்சம் 1,900 ரூபாய். அதுக்கு உங்க 3 லீவு நாள் போகுது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும்னா சரி. காசு மிச்சம் பிடிக்க மட்டும்னா ஆசாரியே மேல்.

'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ' உண்மையிலேயே இலவசமா?

பெரும்பாலும் வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாக் காட்டிட்டு, பேங்க் வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி உங்க தலையில. வட்டி 1,000, ப்ராசஸிங் ஃபீ 200னு வைங்க: வட்டிக்கு ஜி.எஸ்.டி 180, ஃபீயும் அதுக்கான ஜி.எஸ்.டியும் 236. மொத்தம் 416 ரூபாய் கூடுதல்.

"பில் வேண்டாம், விலை குறைச்சுத் தர்றேன்"னு கடைக்காரர் சொன்னா ஒத்துக்காதீங்க. பில் இல்லன்னா வாரண்டி கேட்க முடியாது.

ரெனோவேஷனுக்கே லோன் எடுக்குறீங்களா? சொந்தமாக் குடியிருக்கும் வீட்டின் ரிப்பேர், புதுப்பிப்புக் கடனுக்குப் பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை வட்டிக் கழிவு உண்டு. அதுவும் மொத்த 2 லட்சம் வரம்புக்குள்ளதான். புதிய வரி முறையில இந்தக் கழிவு கிடையாது.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா

- அளவு: வீட்டு வேலைக்கு 10 இன்ச் (255 மி.மீ) போதும். சாதா மாடல் சுமார் 5 இன்ச் அகலம் வெட்டும். அகலப் பலகை நிறைய இருந்தா மட்டும் ஸ்லைடிங் மாடல்.
- பிளேடு: 24 முதல் 40 பல் வேகமா, கரடுமுரடா வெட்டும். லேமினேட், எம்.டி.எஃப் ஓரம் உடையாம இருக்க 60 முதல் 80 பல். அலுமினியத்துக்குத் தனி பிளேடு. பிளேடில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம், மெஷினோட ஆர்.பி.எம்முக்குக் குறையக் கூடாது.
- பிளக்: 6 ஆம்ப் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். 1,600 வாட் மெஷினுக்கு 16 ஆம்ப் பாயிண்ட் கட்டாயம்.

செட்டிங்: இங்கதான் பாதிப் பேர் அவசரப்படுறாங்க

1. பிளக்கைப் பிடுங்குங்க. மெஷினை உறுதியான மேசையில போல்ட் போடுங்க.
2. மூலைமட்டத்தை வெச்சு பிளேடும் ஃபென்ஸும் 90 டிகிரியான்னு பாருங்க. மட்டம் பிளேடின் உடம்பில் படணும், பல்லில் படக் கூடாது.
3. பிளேடும் கீழ்த்தட்டும் 90 டிகிரியான்னு அதே மாதிரி பாருங்க.
4. வேஸ்ட் பலகை ஒண்ணை வெட்டி, ஒரு துண்டை மட்டும் தலைகீழாப் புரட்டி, ரெண்டையும் ஃபென்ஸ் ஓரமா வெட்டுமுனையோட சேர்த்து வைங்க. இடைவெளி தெரிஞ்சா, உண்மையான பிழை அதுல பாதி.
5. நீளத் துண்டுக்கு ரெண்டு பக்கமும் தட்டின் உயரத்துக்கே தாங்கு வைங்க.

அரை டிகிரிதானேன்னு விடாதீங்க. ஒரு ஃபிரேமுக்கு 8 வெட்டு. ஒவ்வொண்ணும் ஒரே பக்கம் அரை டிகிரி தப்பினா மொத்தம் 4 டிகிரி. கடைசி மூலை சேராது.

நம்ம சுவர் மூலை எல்லாம் சரியா 90 இருக்கும்னு நம்பாதீங்க. அளந்து, அதுல பாதியை 90ல இருந்து கழிங்க. 88 டிகிரி மூலைன்னா 90 − 44 = 46. மெஷின் ஸ்கேலில் வைக்க வேண்டியது 46.

கடைசியா, பெரிய செலவு

பிளேடு முழுசா நிற்கும் வரை கையைக் கொண்டு போகாதீங்க. கை எப்பவும் பிளேடுல இருந்து குறைஞ்சது 15 செ.மீ தள்ளி இருக்கட்டும். சின்னத் துண்டை கிளாம்ப் பண்ணுங்க. கிளவுஸ், தொங்கும் துணி வேண்டாம், பிளேடு இழுத்துடும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். போன விரலுக்கோ, வேலைக்குப் போக முடியாத மாசத்துக்கோ அது பொறுப்பில்லை. நிரந்தர ஊனத்துக்குப் பணம் தருவது பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. கம்பெனி குரூப் பாலிசியில அது இருக்கான்னு எச்.ஆர் கிட்ட கேளுங்க. பார்ஷியல் டிசெபிலிட்டி அட்டவணையில விரலுக்கு எத்தனை சதவீதம்னு படிச்சுட்டு, அப்புறம் மெஷினை ஆன் பண்ணுங்க.

இந்த சனிக்கிழமை ஒரு டேப்பை எடுத்து வீட்டை அளங்க. 350 அடிக்குக் கீழ வந்தா, கார்ட்ல இருக்குற மெஷினை டெலீட் பண்ணிடுங்க.