பால்மரம் நட்ட மண்: பேரா மாநிலத்துக்கு ஒரு பயணம்

மலேசியா செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகளில் பலர் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் கெந்திங் மலையையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த நாடு எந்தப் பணத்தில், யாருடைய உழைப்பில் எழுந்தது என்று அறிய வேண்டுமானால் கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில், பேரா மாநிலத்தில் இருக்கும் ஈப்போவுக்குப் போக வேண்டும். மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெண்மாட ரயில் நிலையம், பழைய நகரக் கடைவீதிகள், ஊர் ஈட்டிய பேர் எல்லாம் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தால் வந்தவை. சுரங்கங்களில் சீனர்கள் உழைத்தார்கள். சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் அவர்கள் எழுப்பிய கோயில்களைக் காணவே ஒரு நாள் வேண்டும்.

வெள்ளீயம் பாதிக் கதைதான். மீதிக் கதை அரச நகரான கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-இல் அங்கே நடப்பட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று என்று ஒரு முதிய மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். பின்னாளில் பால்மரம் காடுகளை விழுங்கிப் பரவியபோது, மரம் வெட்டவும் பால் எடுக்கவும் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். பத்து காஜா அருகே தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை, 1926-இல் அவர் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. அதைப் பேய்க்கதைக்காகப் பார்க்க வருகிறவர்களே அதிகம். வேலையாட்களை நோய் வாரிக்கொண்டு போன காலத்தில், அவர்கள் கேட்டுக்கொண்டதால் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. என் கணக்கில் மாளிகையைவிடப் பெரிய வரலாறு அதுதான்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இடிந்துவிட்டன, இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சுங்கை சிப்புட் என்ற ஊர் அதற்கு விடை சொல்லும். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, அவ்வூரில் பிறந்த வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து மலேசிய வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. பிறர் துயரத்தை வேடிக்கை பார்ப்பது முறையா என்ற தயக்கம் நியாயமானது. துயரத்தோடு நின்றுபோன மக்களாக இருந்தால் அது பொருந்தும்; இவர்கள் அப்படி நிற்கவில்லை. ஈப்போவின் புந்தோங்கில் கச்சான் பூத்தே என்னும் கொறிக்கும் பண்டத்தை வறுத்து விற்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பொட்டலம் வாங்கிப் பேச்சுக்கொடுங்கள். தைப்பூசத்தன்று போனால், கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களில் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளைக் காணலாம்.