கடலிலிருந்து எடுக்காத கல்

நகரத்து அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் கடல்நீர் மீன்தொட்டியைக் காண்பது இன்று வியப்புக்குரிய காட்சியன்று. நீல ஒளியில் செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள் நீந்துவதைப் பார்ப்பவரின் கண்கள் இயல்பாகவே மீன்களைத்தான் தொடரும். தொட்டியைப் பராமரிப்பவரின் கவனமோ பின்னால் அடுக்கப்பட்டிருக்கும் கற்களின் மேல் இருக்கும். அந்தக் கற்கள் சரியில்லையென்றால் மீன்கள் நிலைக்கா.

காரணம் எளியது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. மிகச் சிறிய அளவிலேயே அது மீனின் செவுள்களைச் சிதைத்துவிடும். கல்லின் மேற்பரப்பில் குடியேறும் நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வாழும் வேறு வகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டையும் சிதைத்து, நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. ஆக, துளைகள் நிறைந்த கல்தான் தொட்டியின் துப்புரவு நிலையம். இதனாலேயே மீன் வளர்ப்போர் அதை 'உயிர்ப்பாறை' என்கிறார்கள்.

அத்தகைய கல் பவளத்திட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்படுவது. ஃபிஜி, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாக அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறி வந்தது. உருண்டைத் திரளாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் பெருக்கும். ஒரு கூடைக் கல் உருவாகத் தலைமுறைகள் வேண்டும். அதைப் பெயர்க்க ஒரு கடப்பாரையும் அரை மணி நேரமும் போதும். ஃபுளோரிடா மாநிலம் தன் கடற்பகுதியில் இயற்கைப் பாறை எடுப்பதை 1989-லேயே தடுத்துவிட்டது.

நம் நாட்டில் இது விருப்பத்தைப் பொறுத்த செய்தியே அன்று. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே பவளத்துக்கும் உண்டு. "இது இறந்துபோன பவளம்தானே" என்ற சமாதானம் சட்டத்தின் முன் நில்லாது.

அதன் நியாயம் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வாழ்வோருக்கு நன்கு தெரியும். மன்னார் வளைகுடாவின் பவளக்கற்கள் பல்லாண்டுகள் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற அரண் அகன்றதும் மணல் தீவுகள் கரையத் தொடங்கின. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்கடியில் உள்ளன. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கத் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பாறைத்திட்டு அமைக்க வேண்டியதாயிற்று. வெட்டிய கல்லுக்கு ஈடாகச் சிமென்ட் கல்லை நாமே கடலுக்குத் திருப்பித் தந்திருக்கிறோம்.

கோமாளி மீன் இன்று குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான முறையை வகுத்துப் பல ஆண்டுகளாகின்றன. மீன் பண்ணையிலிருந்து வரும்போது, அது ஒளிந்துகொள்ளும் கல் மட்டும் ஏன் கடலிலிருந்து வரவேண்டும்? அக்கல்லை மொட்டைமாடியில் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் இம்முறை பரவியபோது, பவளத்தின் கனிமமான அரகோனைட்டையும் கான்கிரீட்டையும் இணைத்து 'அரகோகிரீட்' என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

தேவைப்படுபவை மூன்றே: வெள்ளைச் சிமென்ட், கிளிஞ்சல் நொறுக்கு, பெரிய பருவெட்டான கல் உப்பு. கிளிஞ்சல் நொறுக்கு கோழித்தீவனக் கடைகளில் கிடைக்கும். நன்கு கழுவி உலர்த்தினால் போதும். கடற்கரை மணலை அள்ளி வரும் எண்ணம் வேண்டா. நம் தென்கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட் போன்ற கனத் தாதுக்கள் உண்டு. இரும்பைத் தொட்டிக்குள் கொண்டுபோவதில் பயனில்லை. சாம்பல் கலந்த சிமென்டைத் தவிர்ப்பதும் அதே எச்சரிக்கையால்தான். சுவருக்குப் பூசும் 'பட்டி'யை வெள்ளைச் சிமென்ட் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. அதில் வேதிப் பசைகள் கலந்திருக்கும்.

ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு கிளிஞ்சல் என்று கொண்டு, பிடிகொழுக்கட்டை மாவின் பதத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். நீர் மிகுந்தால் துளைகள் அடைபட்டுச் செங்கல்லைப் போன்ற ஒன்றுதான் கிடைக்கும். இறுதியாக ஒரு பங்கு கல் உப்பைச் சேர்த்து, அது கரைவதற்குள் விரைந்து கலக்கவேண்டும். கையுறை கட்டாயம், ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். ஒரு பெட்டியில் ஈர மணலைப் பரப்பி, கையால் குழித்து, அக்குழிகளில் கலவையை அப்ப வேண்டும். குகையும் வளைவும் வேண்டிய இடங்களில் ஈர மணல் உருண்டைகளை உள்ளே வைத்தால், பின்னர் மணல் உதிர்ந்து வெற்றிடம் மிஞ்சும். இரண்டு நாள் மூடி வைத்து எடுத்தால் கல் தயார். உப்பு நீரில் கரைந்து வெளியேறுகையில் அது இருந்த இடமெல்லாம் துளையாகும். கம்பி வைத்துக் கட்டும் கான்கிரீட்டில் உப்பு பெரும் பகை. இங்கே துருப்பிடிக்கக் கம்பியே இல்லை.

இதுவரை ஒரு பிற்பகல் வேலை. இனிமேல்தான் பலரும் தோற்கிறார்கள்.

சிமென்ட் நீருடன் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, துணைப்பொருளாகப் பிறக்கிறது. பி.எச். எனப்படும் அமில-கார அளவுகோலில் தெளிந்த சுண்ணாம்பு நீரின் அளவு ஏறத்தாழ 12.4, கடல்நீருடையது 8.2-ஐ ஒட்டியது. அளவுகோலின் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், இவ்விரண்டுக்கும் இடைவெளி பத்தாயிரம் மடங்குக்கும் மேல். கல்லின் உள்ளிருந்து இந்தச் சுண்ணாம்பு வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கட்டடத்துக்குத் தண்ணீர் காட்டும் நீராற்றல் கல்லை வலுவாக்க. இங்கே நீரில் ஊறவைப்பது சுண்ணாம்பை வெளியேற்ற. ஒன்றை முடித்தால் மற்றதும் முடிந்துவிட்டதாகக் கருதுவதுதான் பொதுவான பிழை.

அப்பிழையை நானும் செய்திருக்கிறேன். முதன்முறை செய்த கற்களை மூன்று வாரம் ஊறவைத்து, நீர் தெளிவாக இருந்ததைக் கண்டு தொட்டியில் அடுக்கினேன். மறுநாள் காலை நீர் மோர்போல் வெளுத்திருந்தது. கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் காரத்தால் திரிந்து படிந்திருந்தன. போதாக்குறைக்கு, காரத்தன்மை ஏறும்போது நீரிலுள்ள தீங்கற்ற அமோனியமும் நச்சு அமோனியாவாக மாறும். இரண்டு மீன்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் நல்ல நீரில் ஊறவைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுவதைத் தவிர வேறு குறுக்குவழியில்லை. வினிகரிலோ அமிலத்திலோ முக்கியெடுத்தால் போதும் என்பார்கள். அமிலம் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்பை நீக்குவது உண்மை. உள்ளிருப்பது அடுத்த வாரம் மீண்டும் வெளிவரும், கிளிஞ்சலும் அரிபடும். காற்றிலுள்ள கரியமில வாயு இந்த வேலையில் நமக்கு உதவுகிறது. வெள்ளையடித்த சுவர் நாள்பட இறுகுவதுபோல, கல்லின் மேல்தோலில் உள்ள சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகிறது.

கல் தயாரா என்பதை நீர் மாற்றிய உடனே சோதித்துப் பயனில்லை. மூன்று நாள் அசையாமல் ஊறவிட்டுச் சோதிக்கவேண்டும். இறுதிச் சோதனையைக் கடல்நீரில் செய்வதே முறை. சுத்திகரித்த நீரில் தாங்குதிறன் இல்லாததால் சிறு துகள் சுண்ணாம்பும் அளவை ஏற்றிக்காட்டி வீண் அச்சம் தரும். கடல்நீரில் மூன்றாம் நாளும் 8.4-ஐத் தாண்டவில்லையென்றால் கல்லைத் தொட்டிக்குள் வைக்கலாம்.

அப்போதும் அது வெறும் கல். நுண்ணுயிரிகள் பெருகி அமோனியாவையும் நைட்ரைட்டையும் கையாளத் தொடங்க மேலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடலாகாது. முதிர்ந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அவர் செய்த கல்லில் கையளவு வாங்கி உடன் வைத்தால் வேலை விரைவுபடும். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும் மாறிமாறிப் படர்ந்து, பார்க்கச் சகிக்காத சில மாதங்கள் கழிந்தன. பதினான்காம் மாதம், வளைவான கல் ஒன்றின் நிழற்பக்கத்தில் மிளகளவு ஊதாப்புள்ளி தெரிந்தது. பவளத்திட்டுகளில் கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் சுண்ணாம்புப் பாசி அது. பழைய மீன் இப்போது அந்த வளைவுக்குள்தான் உறங்குகிறது.