சுவர் இல்லாத கிருமி

சந்தையில் வாங்கிய வெடக்கோழி பார்க்கத் துறுதுறுவென்றுதான் இருக்கும். மற்றவற்றோடு விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, இரவில் கூண்டருகே நின்றால் ‘கர்... கர்’ என்று மூச்சிழுக்கும் சத்தம். விடிந்து பார்த்தால் ஒரு கோழிக்குக் கண்ணோரம் நுரை, இன்னொன்றுக்கு மூக்கில் சளி.

வெள்ளைக்கழிச்சல் நோயிலும் மூச்சுத்திணறல் வரும் என்பதால் மருத்துவரிடம் காட்டாமல் முடிவு கட்டக்கூடாது. ஆனால் கோழி சாகவும் சாகாமல், தேறவும் தேறாமல் வாரக்கணக்கில் இழுத்தால், சந்தேகம் மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகம் என்ற பாக்டீரியாமீது விழும். சி.ஆர்.டி. எனப்படும் நாட்பட்ட சுவாச நோய் இதன் வேலைதான்.

கோழியின் மரபுக்குறிப்பு 100 கோடி எழுத்துகளுக்கு மேல் நீளும். இந்தக் கிருமிக்கு இருப்பதோ ஏறத்தாழ 10 லட்சம். அத்தனை சிக்கனம்! பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றியிருக்கும் செல்சுவர்கூட இதற்கு இல்லை. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் கிருமியைக் கொல்லும். சுவரே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

இத்தனை சிறிய மரபுக்குறிப்பிலும் ஒரு தாராளம் உண்டு. மேற்புறப் புரதம் ஒன்றின் வெவ்வேறு வடிவங்களைச் செய்ய மட்டும் நாற்பது மரபணுக்களுக்கு மேல் வைத்திருக்கிறது. கோழியின் எதிர்ப்புசக்தி ஒரு வடிவத்தை அடையாளம் கண்டதும், சட்டை மாற்றுவதுபோல் இன்னொன்றுக்கு மாறிவிடும். நோய் தணிந்த கோழியும் கிருமியைச் சுமந்து திரிவது இதனால்தான். மருந்து நோயை அடக்கும். கிருமியை அடியோடு ஒழித்துவிடும் என்று நம்ப முடியாது.

கோழியின் மூச்சுக்குழல் உட்புறம் முழுக்கக் குற்றிழைகள், அதாவது ஓயாமல் அசையும் நுண்மயிர்கள். தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுவது அவற்றின் வேலை. மைக்கோபிளாஸ்மா நுனியால் அங்கே ஒட்டிக்கொண்டு அவற்றைச் சிதைக்கிறது. வழி திறந்ததும் தூசியிலிருக்கும் ஈகோலை பாக்டீரியா உள்ளே இறங்கும். நுரையீரலையும் தாண்டி உடலெங்கும் விரிந்திருக்கும் காற்றுப்பைகளில் சீழ் கட்டும். ரத்த ஓட்டம் குறைவான அந்த இடத்துக்கு மருந்து எளிதில் எட்டாது. ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் இதே குற்றிழைகளைத்தான் முடக்குகிறது. ஆகவே கூளத்தை உலர்வாக வைத்துக் கூண்டில் காற்றோட்டம் விடுவது பாதி வைத்தியம்.

தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கும் போய்விடும் இந்தக் கிருமி. அதற்கும் ஒரு வழி கண்டார்கள்: அடைவைப்பதற்கு முன் முட்டைகளை 46 டிகிரி செல்சியஸில் 12 முதல் 14 மணி நேரம் சூடாக்குவது. கிருமி சாகும், கரு பெரும்பாலும் பிழைக்கும். சில முட்டைகள் பொரிக்காமல் போவதுதான் விலை.

கோழியோடு இது நிற்பதில்லை. 1994-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபின்ச் என்ற சிறு காட்டுப்பறவைகள் கண் வீங்கித் தடுமாறின. காரணம் இதே கிருமி. தீவனத் தட்டுகளில் தொற்றிச் சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் கிழக்குப் பகுதியெங்கும் பரவியது. இந்தக் கிருமி மனித மூக்கில்கூட ஒரு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் நலமான கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, நோய்ப்பட்டவற்றிடம் கடைசியில் போங்கள். புதிதாக வாங்கியதை ஒரு மாதம் தனியே வையுங்கள். நோய் கண்ட கூட்டத்திலிருந்து ஒன்றைக்கூட விற்கவோ இனாமாகக் கொடுக்கவோ வேண்டாம். மருந்து கொடுக்கும்போது, முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சுவர் இல்லாததால் பென்சிலினுக்குத் தப்பும் இது, அதே காரணத்தால் வெளியே வெயிலையும் வறட்சியையும் தாங்காது. பழைய கூட்டத்தைக் கழித்துவிட்டால், கூண்டைக் கழுவிக் காயவைத்துச் சில வாரம் வெறுமையாகப் போட்டுவிட்டுப் புதுக்குஞ்சுகளை விடலாம்.