கூர்ஜரத்தின் நிலையாக் கரை

பாரத நாட்டின் ராஜ்யங்களுள் மிக நீண்ட கடற்கரையை உடையது குஜராத் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்த நீளம் எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்வது அத்தனை சுலபமன்று. 1,214 கிலோமீட்டர் என்று சர்க்கார் ஏடுகளில் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பல புத்தகங்களில் 1,600 என்று அச்சிட்டிருந்தது. அண்மையில் நுட்பமான வரைபடங்களைக் கொண்டு மறுபடி அளந்தபோது அதுவே 2,340 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கரை ஓரிரவில் வளர்ந்துவிடவில்லை. பழைய வரைபடம் நேர்கோடாகத் தாண்டிச் சென்ற கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் புதிய அளவை உள்ளே புகுந்து வெளியே வந்ததன் பலன் இது. அளக்கும் கோல் சிறுக்கச் சிறுக்க அளவு பெருகும் இந்த விநோதம் எல்லாக் கடற்கரைகளுக்கும் பொதுவானதே. எனினும் குஜராத்தில் இதற்கு அப்பாலும் ஒரு விசேஷம் உண்டு. கரை என்று நாம் கிழிக்கும் கோடே அங்கே மனிதர் பார்த்திருக்கப் பன்முறை இடம்பெயர்ந்திருக்கிறது. ஆகையால் அந்நாட்டின் வர்த்தக சரித்திரத்தை அரசர்களின் வெற்றி தோல்விகளைக் கொண்டு எழுதுவதைக் காட்டிலும், வண்டலையும் ஓதத்தையும் கொண்டு எழுதினால் உண்மை தெளிவாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

வடக்கே கட்ச் பிரதேசத்தைத் தழுவிக் கிடக்கும் ரண் என்னும் உவர்வெளி, 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. கோடையில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் அதே தரை, தென்மேற்குப் பருவக்காற்று கடல்நீரைக் கழிகளின் வழியே உள்ளே தள்ள, கிழக்கிலிருந்து லூணி, பனாஸ் முதலிய ஆறுகளும் வந்து கலக்க, முழங்காலளவு நீர் நிற்கும் ஏரியாக மாறிவிடுகிறது. இதை நிலம் என்பதா, நீர் என்பதா? ஆதியில் இது கடலின் ஒரு கரமாகவே இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலாலும் நிலத்தின் மெல்லிய எழுச்சியாலும் தூர்ந்தது என்பது நிலவியலாரின் முடிவு.

அந்த எழுச்சி எப்போதும் மெல்லியதாக இருப்பதில்லை. 1819-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி மாலையில் ஏற்பட்ட பூகம்பத்தில், ரண்ணின் மேற்குப் பகுதியில் சிந்து நதியின் பழைய கிளையொன்றின் கரையிலிருந்த சிந்த்ரி என்னும் சிறு கோட்டை, அதைச் சூழ்ந்த நிலத்தோடு தாழ்ந்துபோயிற்று. கடல் உள்ளே பாய்ந்து வந்தது. கோட்டையிலிருந்தவர்கள் நீருக்கு மேல் எஞ்சி நின்ற கோபுரமொன்றில் ஏறி இராப்பொழுதைக் கழித்து, மறுநாள் படகுகளின் உதவியால் உயிர் தப்பினார்கள். தெற்கே நிலம் தாழ்ந்த அதே வேளையில், வடக்கே சில மைல் தொலைவில், அதுவரை மேடேயில்லாத சமவெளியில் கிழக்கு மேற்காக நெடுந்தூரத்துக்கு ஒரு கரை எழும்பி, ஆற்றின் போக்கை மறித்து நின்றது. மனிதர் கட்டிய அணைகளை அறிந்திருந்த அவ்வூரார், யாரும் கட்டாத இந்த அணைக்கு ‘அல்லா பந்த்’, அதாவது இறைவனின் அணை, என்று பெயரிட்டார்கள். 1826-இல் பெருவெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு வழி கண்டது. பூமியின் மேற்பரப்பு நம் கண்ணெதிரிலேயே உயரவும் தாழவும் கூடும் என்பதற்குக் கண்கண்ட சாட்சியாக, சார்லஸ் லயல் என்னும் ஸ்காட்லாந்து நிலவியலறிஞர் இந்நிகழ்ச்சியைத் தம் பிரசித்தி பெற்ற நூலில் எடுத்துரைத்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆப்பிரிக்காவைப் பிரிந்தபோது கட்ச்சின் அடியில் உண்டான பிளவுகள் இன்றும் ஆறவில்லை. வடக்கு நோக்கி நகரும் நம் நிலத்தட்டு யூரேசிய நிலத்தட்டோடு மோதுவதால் அவை நெருக்குண்டு, ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தின்மேல் ஏறுகிறது. 2001-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று புஜ் நகரைத் தகர்த்ததும் இந்த நெருக்கமே.

ரண்ணின் நடுவே காதிர் என்னும் திட்டில், சிந்துவெளி நாகரிகத்தார் தோலாவீரா நகரை அமைத்தார்கள். உவர்நீர் சூழ்ந்த இடத்தில் நன்னீருக்கு என்ன செய்தார்கள் என்பதே அந்நகரின் பெருமை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்னும் இரு ஓடைகளைத் தடுத்து, நகரைச் சுற்றி வரிசையாக வெட்டிய குளங்களில் நிரப்பினார்கள். அவற்றுள் ஒன்று சுமார் 73 மீட்டர் நீளமும் 29 மீட்டர் அகலமும் உடையது. அக்காலத்தில் ரண்ணில் ஓடம் செல்லத்தக்க ஆழம் இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இல்லாவிடில், அத்தனை செல்வம் படைத்த வணிக நகரம் அங்கே எழுந்ததற்குக் காரணம் காண்பது கடினம்.

இன்று அந்த உவரே ஜீவனோபாயம். சிறிய ரண்ணில், மழைநீர் வற்றியதும் அகரியா என்னும் உப்புத்தொழிலாளர் குடும்பத்தோடு வந்து கிணறு வெட்டுகிறார்கள். கடல்நீரினும் கரிக்கும் அந்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விட்டு வெயிலில் சுண்டவைத்து, கடைசிப் பாத்தியில் படிகம் கட்டத் தொடங்கியதும், மரப்பற்கள் பதித்த வாரியால் நாள்தோறும் கிளறி விடுகிறார்கள். கிளறாவிட்டால் உப்பு பாறையாகிவிடும். கிளறினால் பரல் பரலாகத் திரளும். வெறுங்காலோடு உப்புநீரில் நின்று செய்யும் வேலை இது. நாம் சோற்றில் இடும் உப்பில் பெரும்பகுதி குஜராத்தில் விளைவது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

தெற்கே காம்பே வளைகுடாவின் கதை வேறு வகையானது. சௌராஷ்டிர தீபகற்பத்துக்கும் (மதுரையில் நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற சௌராஷ்டிரர் தம் பூர்விகமாகக் கூறும் நாடு இதுவே) பெருநிலத்துக்கும் இடையே, தெற்கில் அகன்று வடக்கில் குறுகிப் புனலைப்போல் அமைந்த அவ்வளைகுடாவில் அரபிக் கடலின் ஓதம் நுழைந்ததும், பக்கங்கள் நெருக்க, தரையும் மேடுபட, நீர் வேறு போக்கிடமின்றி உயர்கிறது. சென்னையில் ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்கும் கடல், பாவ்நகரில் பெரு ஓதக் காலத்தில் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதன் காரணம் இதுதான். சபர்மதி, மாஹி, நர்மதை, தபதி ஆகிய நான்கு ஆறுகளும் வண்டலை அதில்தான் கொட்டுகின்றன.

முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியே வந்த கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த வழிகாட்டி நூல், நர்மதை முகத்திலிருந்த பரூச் துறையில் ஓதம் கப்பல்களைக் கவிழ்க்கும் அபாயத்தையும், அரச ஊழியத்திலிருந்த மீனவர்கள் படகேறி எதிர்கொண்டு வந்து கப்பல்களைத் துறைக்கு வழிநடத்தியதையும் விவரிக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, காம்பேயில் நீர் வற்றியதும் கப்பல்கள் சேற்றில் கிடப்பதையும் ஏறியதும் மிதப்பதையும் கண்டு வியந்தார். அதற்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட லோதலில், எஸ். ஆர். ராவ் அகழ்ந்தெடுத்த நீண்ட செங்கல் தொட்டி கப்பல் துறையா, வெறும் குளமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அத்தகைய ஓதத்திலிருந்து ஓடங்களைக் காக்க விரும்பியவர்களுக்கு அப்படியொரு தொட்டி தேவைப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. லோதலில் கிடைத்தவற்றுள் சூதுபவள மணிகளும் உண்டு; ரத்தன்பூர்ப் பக்கத்து அகேட் கல்லைச் சூட்டில் இட்டுச் சிவக்கவைக்கும் அந்தத் தொழில், துறைமுகம் போன பின்னும் காம்பே நகரத்தை விட்டுப் போகவில்லை.

துறைமுகம் வண்டலில் புதைந்தது. வர்த்தகம் தபதிக் கரையின் சூரத்துக்குப் பெயர்ந்தது. 1608-இல் ஆங்கிலேயர் அங்கே வந்திறங்கினார்கள். அங்கும் பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய மாட்டாமல் வெளியே சுவாலியில் நங்கூரமிட வேண்டியிருந்தது. காலக்கிரமத்தில் அந்த வாணிபமும் ஆழ்ந்த இயற்கைத் துறையையுடைய பம்பாய்க்குப் போயிற்று. தேசப் பிரிவினையில் கராச்சியை இழந்த பின், கட்ச் வளைகுடாவின் கழியொன்றில் காண்ட்லாவை எழுப்பி 1955-இல் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள்.

காம்பேயில் கப்பல்களைச் சேற்றில் கிடத்திய அந்த ஓதத்துக்கு இப்போது ஒரு புதிய உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. பாவ்நகருக்குத் தெற்கே அலங் கடற்கரையில், 1983 முதல், ஆயுள் முடிந்த கப்பல்களை உடைத்து இரும்பாக்குகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓதத்துக்காகக் காத்திருந்து, முழு வேகத்தில் கப்பலைக் கரையை நோக்கிச் செலுத்துவார்கள். நீர் வடிந்தபின், பல்லாயிரம் டன் எடையுள்ள அக்கலம் பளுதூக்கி ஏதுமின்றியே சேற்றின்மேல் அமர்ந்துவிடுகிறது.