நாடாவிலிருந்து தட்டுக்கு

நூல்களைக் காப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி படியெடுத்தல். எவ்வளவு பக்குவமாகப் பாடம் செய்த பனையோலையும் சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப்போகும். அதற்குள் வேறோர் ஓலையில் பார்த்தெழுதி வைத்தால் நூல் பிழைக்கும். இல்லையேல் ஓலையோடு நூலும் மறையும். 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததென்றால், பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக அதைப் படியெடுத்து வந்ததே அதற்குக் காரணம்.

இப்பழைய உண்மை இன்று நம் வீட்டுப் பரணுக்கும் பொருந்தும். 1980-களிலும் 1990-களிலும் நடைபெற்ற திருமணங்களும் மணிவிழாக்களும் வீடியோ காசெட்டுகளாகப் பல இல்லங்களில் உறங்கிக் கிடக்கின்றன. இன்று நம்மிடையே இல்லாத பெரியோர்களின் நடையும் சிரிப்பும் குரலும் அவற்றில் உள்ளன. புகைப்படத்தில் முகம் உண்டு, குரல் இல்லை. அந்தக் காசெட்டுகளை வீட்டிலேயே டி.வி.டி. என்னும் ஒளித்தட்டுக்கு மாற்றுவது எங்ஙனம், அதை ஏன் தள்ளிப்போடலாகாது என்பன பற்றியே நான் கூறப்போகிறேன்.

முதலில், நாடாவில் காட்சி எவ்வாறு பதிகிறது என்பதை அறிய வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மீது காந்தத் தன்மையுள்ள நுண்துகள்களைப் பசை கொண்டு பூசியிருப்பார்கள். பதியும்போது அத்துகள்கள் காந்தமூட்டப்படுகின்றன. ஒலிநாடாவும் இத்தகையதே. ஆனால் இசையின் மிக உயர்ந்த சுரத்துக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் போதும். காட்சிக்கோ லட்சக்கணக்கான அதிர்வுகள் தேவை. அவ்வளவையும் பதிய வேண்டுமானால், பதியும் முனையும் நாடாவும் ஒன்றையொன்று வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். அவ்வேகத்தில் நாடாவை ஓட்டினால், மூன்று மணி நேரத் திருமணத்துக்கு 54 கிலோமீட்டர் நாடா வேண்டும். சென்னையிலிருந்து செங்கற்பட்டை எட்டிவிடலாம்!

இச்சிக்கலைப் பொறியியலாளர் அழகாகத் தீர்த்தனர். நாடாவை மெதுவாக நகரவிட்டு, பதியும் முனையைச் சுழலச் செய்தனர். 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் வெற்றிகரமான கருவியிலேயே இத்தத்துவம் இருந்தது. 1976-இல் ஜப்பானில் வெளிவந்து உலகெங்கும் பரவிய வி.எச்.எஸ். காசெட்டும் அவ்வாறே இயங்குகிறது. நம் நாட்டு முறையில், சாய்ந்து நிற்கும் உருளையொன்று வினாடிக்கு 25 முறை சுழல்கிறது. அதிலுள்ள இரண்டு முனைகள் நாடாவின்மீது சாய்ந்த கோடுகளைக் கீறுகின்றன. ஒவ்வொரு கோட்டிலும் பாதிப் படம்; இரண்டு கோடுகள் சேர்ந்தால் ஒரு முழுப்படம். ஒரு கோட்டின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். இதனால் 54 கிலோமீட்டர் நாடா 250 மீட்டருக்குச் சுருங்கிற்று.

இந்த நுட்பமே நாடாவின் பலவீனமுமாகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பசை நாளடைவில் சிதையும், துகள்கள் உதிரும், புழுக்கமான இடத்தில் பூஞ்சை படரும். அது மட்டுமன்று. நாடா நன்றாகவே இருப்பினும், அதை ஓட்டுவதற்குக் கருவி வேண்டுமல்லவா? மக்கள் ‘டெக்கு’ என்று அழைத்த அக்கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016-ஆம் ஆண்டில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி நாம் நம்பியிருப்பவை பழைய கருவிகளையே.

எங்கள் வீட்டுக் காசெட்டுகளை மாற்றியபோது நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். முதலாவது, காசெட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். வெண்பொடி போன்ற பூஞ்சை தென்பட்டால் அதைக் கருவியில் இடவே கூடாது. கருவியும் கெடும், அடுத்து இடும் காசெட்டுகளும் கெடும். அத்தகையவற்றை இத்தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதே நலம்.

இரண்டாவது, காசெட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிட வேண்டும். அது இல்லாத காசெட்டில் கருவி புதிதாக எதையும் பதியாது. இதை அற்பமென்று எண்ணாதீர்கள். 1969-இல் மனிதன் சந்திரனில் இறங்கிய காட்சியின் மூலப் பதிவு நாடாக்கள், பின்னர் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்கலாமென்று 2009-இல் நாசா நிறுவனமே அறிவித்தது. அங்கே ஒளிபரப்பின் படிகளேனும் எஞ்சின. நம் வீட்டுத் திருமணத்துக்கு அந்த ஒரு நாடாவே கதி.

மூன்றாவது, காசெட்டைக் கடைசிவரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்ற வேண்டும். பல்லாண்டு அசையாதிருந்த சுருள் இதனால் ஒரே சீரான இறுக்கம் பெறும். அதன்பின் டெக்கிலிருந்து டி.வி.டி. பதிவுக் கருவிக்கு மூன்று கம்பிகளை இணைக்கிறோம். மஞ்சள் காட்சிக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படத்தில் கோடுகள் ஓடினால், ‘டிராக்கிங்’ என்னும் அமைப்பைத் திருத்தி, முனைகளை நாடாவின் கோடுகளோடு பொருந்தச் செய்ய வேண்டும். நாடா தராததைத் தட்டு ஒருநாளும் தாராது.

நான்காவது, பதிவின் தரம். ஒரே தட்டில் ஒரு மணி நேரமும் பதியலாம். நான்கு மணி நேரமும் பதியலாம். கருவி படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மாறாத பகுதிகளைச் சுருக்கி எழுதுகிறது. பழைய நாடாவிலோ படமெங்கும் பொடிப்பொடியாக இரைச்சல் துடித்துக்கொண்டிருக்கும். கருவி அதையும் மாற்றமென்றே எண்ணி, அதை எழுதுவதில் இடத்தைச் செலவிடும். ஆகவே நாடா எவ்வளவு பழையதோ, அவ்வளவு தாராளமாக இடம் தர வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு மணிக்கு மேற்படாமல் பதிவதே நன்று. முடிவில் தட்டை நிறைவுசெய்யும் கட்டளையைக் கொடுத்தாலன்றி, பிற கருவிகளில் அது ஓடாது.

இவ்வேலையில் விரைவு என்பதற்கே இடமில்லை. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதையே நான் இதன் பெரும் பயனாகக் கருதுகிறேன். எண்பதைக் கடந்த என் அத்தையை அருகில் அமர்த்திக்கொண்டு, கையில் குறிப்பேட்டுடன் 1986-ஆம் ஆண்டுத் திருமணம் ஒன்றைப் பார்த்தேன். பந்தியின் ஓரத்திலிருந்த முதியவர் ஒருவரை எங்களில் எவருக்கும் தெரியவில்லை. “உன் அப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினவர் இவர்தானப்பா” என்றார் அத்தை. அந்தச் செய்தி நாடாவில் இல்லை. அத்தையிடம் மட்டுமே இருந்தது.

தட்டுக்கு மாற்றியதும் கடமை முடிந்ததா? இல்லை. தட்டிலுள்ள சாயப்படலமும் ஒளியாலும் வெப்பத்தாலும் கெடுவதே. நாடா கெடும்போது படம் படிப்படியாக மங்கும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். தட்டோ சிறு பழுதுகளைத் தானே கணக்கிட்டுத் திருத்திக்கொண்டு, நலமாக இருப்பதுபோலவே தோன்றி, ஒருநாள் திடீரென நின்றுவிடும். ஆயினும் அதில் பெரியதோர் அனுகூலம் உண்டு. நாடாவைப் பார்த்து எடுத்த நாடா முதலதைவிட மங்கும்; அதைப் பார்த்து எடுத்தது இன்னும் மங்கும். தட்டிலுள்ளவை எண்கள். எண்களைப் பிழையின்றி ஆயிரம் முறை படியெடுத்தாலும் ஆயிரமாவது படி முதற்படியே. ஆகவே தட்டிலிருந்து கணிப்பொறிக்கு ஒரு படி, வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு படி என்று எடுத்துவைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பித்து வர வேண்டும். மூல நாடாவையும் எறிந்துவிடலாகாது.

ஓலையில் எழுதியோர் சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைப்பதுண்டு. நீங்களும் தட்டோடு ஒரு தாள் வையுங்கள்: எந்த நிகழ்ச்சி, எந்த ஊர், எந்த ஆண்டு, காட்சியில் உள்ளோர் யார் யார், மாற்றியவர் யார் என்று எழுதுங்கள். நாடா, அதை ஓட்டும் கருவி, அதிலுள்ள முகங்களை அறிந்த முதியவர் ஆகிய மூன்றும் ஒருங்கே இருக்கும் காலம் மிகக் குறுகியது. மாணவ நண்பர்களே, அக்காலம் உங்கள் வீட்டில் இன்னும் கழியவில்லையாயின், அடுத்த விடுமுறையிலேயே பரணில் ஏறுங்கள்.