வாளியும் மழையும்: அவிலா தெரேசா காட்டிய செப வழி

செபம் வளரக்கூடியது என்பது கிறிஸ்தவ மரபின் பழைய நம்பிக்கை. மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கும் குழந்தையின் செபமும், வாழ்நாள் முழுதும் இறைவனோடு பழகிய முதியவரின் செபமும் ஒன்றாக இருப்பதில்லை. இடையில் நடப்பது என்ன என்பதைத் தம் அனுபவத்திலிருந்தே அளந்து எழுதியவர் ஸ்பெயின் நாட்டுப் புனித தெரேசா. 1515இல் அவிலா நகரில் பிறந்து, கார்மேல் சபையில் துறவியாகி, 1582இல் மறைந்தவர். 1970இல் கத்தோலிக்கத் திருச்சபை ‘மறைவல்லுநர்’ என்ற பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வழங்கியபோது, அது இவருக்கே கிடைத்தது.

அவிலா, காஸ்தில் பீடபூமியில் 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். தண்ணீரின் அருமை தெரிந்த மண். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது தெரேசா செபத்துக்கு எடுத்துக்கொண்ட உவமையும் தண்ணீர்தான். மனித உள்ளம் களை மண்டிய தரிசு. களையைப் பிடுங்கி நல்ல செடிகளை நடுகிறவர் இறைவன். செடிகள் வாடாமல் நீர் பாய்ச்சுவது மட்டுமே செபிப்பவரின் வேலை. பாய்ச்சுவதற்கு நான்கு வழிகள் உண்டு: கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, நீர்ச்சக்கரத்தைச் சுற்றி இறைப்பது, ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே பாயவிடுவது, மழை பெய்வது. ஒவ்வொன்றிலும் தோட்டக்காரரின் உழைப்பு குறைகிறது, நீர் பெருகுகிறது. செபத்தின் வளர்ச்சியை அவர் இப்படித்தான் கண்டார்.

முதல் வழியைப் பற்றி அவர் எழுதியதுதான் சாதாரண விசுவாசிக்கு மிகவும் பயன்படுவது. கிணற்றில் வாளியை விட்டு இழுப்பது கை நோகும் வேலை. சிதறி ஓடும் மனத்தைப் பிடித்து வந்து, கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து, கவனத்தை அங்கேயே நிறுத்துவது தொடக்கநிலைச் செபம். சில நாள் வாளி வெறுமையாகவே மேலே வரும். கிணறே வற்றியதுபோல் இருக்கும். அப்போதும் வாளியை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் தெரேசா. தோட்டம் தன்னுடையதல்ல, எசமானுடையது. அவருக்குப் பிரியமானதைச் செய்ய வந்தவர், தனக்கு இன்பம் கிடைக்கவில்லை என்று வேலையை விட்டுப் போகலாமா? நீரே இல்லாவிட்டாலும் செடிகளைக் காப்பாற்ற இறைவனால் முடியும் என்பது அவரது உறுதி.

இது ஏட்டறிவு அல்ல. 1535இல் மடத்தில் சேர்ந்த தெரேசா, உள்ளத்தால் செபிக்கும் முறையை பிரான்சிஸ்கோ தே ஒசூனா என்ற பிரான்சிஸ்கன் துறவியின் நூலிலிருந்து கற்றார். நூலைக் கொடுத்தவர் அவருடைய சித்தப்பா. ஆனால் கற்றதும் கைகூடிவிடவில்லை. கையில் புத்தகம் இல்லாமல் பல ஆண்டுகள் அவரால் செபத்தில் உட்காரவே முடியவில்லை. குறித்த மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காத்திருந்த நாள்கள் பல என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இத்தனை குறையுள்ளவள் இறைவனோடு தனித்துப் பேசத் தகுதியற்றவள் என்று எண்ணி, ஓராண்டுக்கும் மேலாக அந்தச் செபத்தை நிறுத்தியும்விட்டார். தாழ்ச்சியின் வேடத்தில் வந்த இந்தச் சோதனையே தம் வாழ்வில் மிகக் கொடியது என்று பின்னாளில் உணர்ந்தார். 1543இல் தந்தை இறந்தபின், தந்தையின் ஆன்ம குருவாக இருந்த தோமினிக்கன் துறவி ஒருவர் அவரை மறுபடி செபத்துக்குக் கொண்டுவந்தார். செபம் வறண்டு போனவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி இது. 1554இல், காயப்பட்ட கிறிஸ்துவின் உருவம் ஒன்றின் முன் விழுந்து அழுத நாளிலிருந்துதான் அவருடைய வாழ்வு திரும்பியது. மடத்தில் சேர்ந்து அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாம் நீரை ‘அமைதியின் செபம்’ என்கிறார். விருப்பம் இறைவனிடம் அடங்கிவிடும். நினைவும் கற்பனையும் மட்டும் இன்னும் அலையும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடாமல் விட்டுவிடுவதே நல்லது. மூன்றாம் நீரில் வாய்க்காலைத் திருப்பிவிடும் வேலைதான் மிச்சம். தோட்டக்காரர் பொறுப்பை இறைவனே எடுத்துக்கொள்கிறார். நான்காவது மழை. அது எப்போது பெய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெய்தாலும் சிறிது நேரம்தான். அதை வருவிக்கும் உத்தி எதுவும் இல்லை. இத்தகைய உயர்ந்த நிலைக்கு வந்தவர்கள் மனிதராக வந்த கிறிஸ்துவை நினைப்பதை விட்டுவிடலாம் என்ற கருத்து அன்று இருந்தது. அதைத் தெரேசா உறுதியாக மறுத்தார்.

1577இல், ஜூன் முதல் நவம்பர் வரை, ‘உள்ளக் கோட்டை’ என்ற நூலை எழுதினார். அதில் ஆன்மா ஏழு மாளிகைகள் கொண்ட படிகக் கோட்டை, நுழைவாயில் செபம், நடு மாளிகையில் அரசராகிய இறைவன் இருக்கிறார். ஆனால் எந்த மாளிகைவரை வந்தோம் என்பதை எப்படி அறிவது? பிறரன்பே நம்பத்தக்க அடையாளம் என்பது அவருடைய பதில். நோயாளியான சகோதரி ஒருவருக்கு உதவி தேவை என்றால், செபத்தில் கிடைக்கும் இனிமையை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். ஏழாம் மாளிகையிலும், நற்செய்தியில் வரும் சகோதரிகளான, பணிவிடை செய்த மார்த்தாவும் இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாவும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்கிறார். கீழ்ப்படிதல் சமையலறைக்கு அனுப்பினால், அங்கே பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று வேறொரு நூலில் எழுதினார்.

இவ்வளவும் கற்றறிந்தவர்களுக்கு மட்டும் உரியதோ என்ற கேள்விக்கும் அவர் பதில் வைத்திருந்தார். 1559இல் ஸ்பெயினின் மத விசாரணை மன்றம், ஸ்பானிய மொழியில் இருந்த ஆன்மிக நூல்கள் பலவற்றைத் தடை செய்தது. லத்தீன் அறியாத பெண் துறவிகளுக்குப் படிக்கக் கிடைத்த நூல்கள் குறைந்துபோயின. பெண்கள் உள்ளத்தால் செபிப்பதே ஆபத்து என்று பேசப்பட்ட காலம் அது. 1562இல் அவிலாவில் தாம் தொடங்கிய புனித சூசையப்பர் மடத்துச் சகோதரிகளுக்கு, ‘நிறைவின் வழி’ என்ற நூலில், யாராலும் பறிக்க முடியாத ஒரு செபத்தை வரிவரியாக விளக்கினார்: இயேசு கற்பித்த “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே.” யாரிடம் பேசுகிறோம், என்ன கேட்கிறோம் என்ற நினைவோடு சொன்னால் வாயால் சொல்லும் செபமே உள்ளத்தின் செபமாகிவிடும் என்று கற்பித்தார்.

இதற்குச் சான்றாக, தமக்குத் தெரிந்த ஒரு மூதாட்டித் துறவியின் கதையையும் அதே நூலில் சொல்கிறார். தியானம் தமக்கு வரவே இல்லை, வாயால் செபிக்க மட்டுமே தெரிகிறது என்று மிகுந்த வருத்தத்தோடு அவர் வந்தார். எப்படிச் செபிக்கிறீர்கள் என்று தெரேசா விசாரித்தார். இயேசு கற்பித்த செபத்தை மட்டுமே பற்றிக்கொண்டு, தாம் அறியாமலே ஆழ்ந்த இறை ஒன்றிப்புவரை அவர் போயிருந்தது தெரிந்தது. அந்த வாய்ச்செபத்தின்மேல் தமக்குப் பொறாமையே வந்தது என்று தெரேசா எழுதியிருக்கிறார்.